புள்ளி வைக்கும் இடம்

எட்டு வயது மெர்லினுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. மறுநாள் அவள் வயிற்றில், உடலின் கழிவை வெளியேற்றும் டயாலிசிஸ் குழாய் பொருத்த வேண்டும். அதன் முனை வெளியே வரும் இடத்தை முன்கூட்டியே குறித்துவிடுவது டாக்டர் தேவசகாயத்தின் வழக்கம். அவளை நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். பாவாடை நாடா உரசாத இடமாகப் பார்த்து, இடப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

“அங்க வேண்டாம் சார். தம்பிய அந்த இடுப்புலதான் தூக்குவேன்.”

“இனி நீ அவனத் தூக்காண்டாம்,” என்றாள் தாய்.

“நீ வேலைக்குப் போனா அவன யாரு தூக்குவா?”

டாக்டர் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் புள்ளியைத் துடைத்துவிட்டு, மெர்லினை இன்னொரு முறை நிற்கச் சொன்னார்.