எண்ணூறு கஜம்

"எண்ணூறு கஜத்துலேர்ந்து சுடறதும் ஒண்ணு, கடவுளுக்குக் கடுதாசி போடறதும் ஒண்ணு. போய்ச் சேந்துச்சா இல்லையான்னே தெரியாது," என்றாள் ஆர்டித், கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல்.

"விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா, அக்கா?"

வெர்லினுக்கு ஐம்பத்திரண்டு வயது. அக்காவின் எதிரில் மட்டும் இன்னும் பதினைந்துதான்.

இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. நேற்று அந்தி சாயும் நேரத்தில், இதே மேட்டிலிருந்து, பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் நின்ற ஆண் எல்க் மானைச் சுட்டான். அது துள்ளவில்லை, தடுமாறவில்லை. மறந்துபோன வேலை ஞாபகம் வந்ததுபோல் மேய்ச்சலை நிறுத்திவிட்டு, மெல்ல நடந்து பைன் மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்துவிடலாம் என்றாள் அக்கா. இறங்கி ஏற மூன்று மணி நேரம் ஆகும், இருட்டிவிடும் என்று அவன்தான் தடுத்தான்.

"தப்பிடுச்சுக்கா. பட்டிருந்தா அப்படியா நடக்கும்?"

"ஏன் நடக்காது? அவ்வளவு தூரம் போறதுக்குள்ள தோட்டாவுக்கு வேகம் பாதியாயிடும். வேகம் இருந்தாத்தான் உள்ள போய்ப் பூவா விரியும். இல்லேன்னா ஊசி மாதிரி நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். எங்கயாவது படுத்து, ராத்திரி பூரா..."

"போதும்க்கா."

அவனைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 'ராத்திரி பூரா'தான்.

திடீரென்று ஆர்டித்தின் குரல் தணிந்தது. "டேய், இங்க வா. இடது கொம்புல ஒரு கிளை ஒடிஞ்சிருக்கே, அதேதானே?"

அதேதான். விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்தின் பின்னால், அடிமரத்தின்மேல் தாடையைச் சாய்த்துப் படுத்திருந்தது. முகத்தைச் சுற்றி வெண்புகை. மூச்சா மூடுபனியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெர்லினின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. "பாத்தியா! ராஜா மாதிரி படுத்திருக்கான்!"

"சரி, என் வாயைக் கழுவிக்கறேன். வேட்டை சீசனுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். பதினெட்டு வருஷம் எழுதிப் போட்டுக் குலுக்கல்ல விழுந்த பர்மிட். இந்தத் தடவை இருநூறு கஜத்துக்குள்ள போய்ச் சுடு. இல்லே, நானே உன்னைச் சுட்டுடுவேன்."

இறங்கினார்கள். ஓடையைத் தாண்டினார்கள். காற்று மானிடமிருந்து இவர்கள் பக்கமாக வீசியதால், இவர்கள் வாடை அதற்கு எட்டாது. வயோமிங் மலையில் அது கிடைப்பது பெரிய விஷயம். மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தது. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது வெர்லினுக்கு. கடைசிச் சரிவில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு பனியில் ஓசையில்லாமல் ஏறினார்கள்.

முந்நூறு. இருநூறு. நூறு.

மான் அசையவில்லை. முதுகில் பனி உருகாமல் படிந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு நீளவால் பறவை வந்து கொம்பில் உட்கார்ந்து சிறகைக் கோதியது.

"நம்மள ஒரு பொருட்டாவே மதிக்கல பாரு," என்று கிசுகிசுத்தாள் ஆர்டித்.

"மரம் மார்பை மறைக்குது. எந்திரிக்கட்டும்."

துப்பாக்கியின் கண்ணாடி வழியே அவன் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடர்ந்த பழுப்பு ரோமம். ரோம நுனிகளில் பனித்துளிகள். உலகத்தில் வேறு எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் போயிற்றோ, அவன் விரல் விசையிலிருந்து விலகியது. தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்னடா பண்றே?"

"வேணாம்க்கா. அது உயிரோட இருந்தாப் போதும்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தேன். இருக்கு. விட்டுடலாம்."

"பதினெட்டு வருஷம்டா, பைத்தியக்காரா!" என்றவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கன்னுக்குட்டிக்குச் சூட்டுக்கோல் வைக்கும்போதே கண்ணை மூடிக்கிற ஆளு. உன்னை நம்பி மலையேறினேன் பாரு."

அவனும் சிரித்தான். நேற்றிலிருந்து முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பலமாகத் தட்டினான்.

"எந்திரிச்சு ஓடுடா, ராஜா!"

பறவை மட்டும் பறந்தது.

இன்னும் பலமாகத் தட்டினான். கிட்டே போனான். மரத்தைச் சுற்றி மறுபக்கம் வந்தான்.

திறந்திருந்த கண்ணின்மேல் உறைபனி பூத்திருந்தது. தோளுக்குப் பின்னால், சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை.