இடப்பக்கம் இழுக்கும் டிராக்டர்

அப்பா இறந்த பிறகு ஒவ்வொரு உழவிலும், பக்கத்து வயல் பெரியப்பாவின் பழைய டிராக்டர் எங்கள் வரப்பில் ஒரு சால் அகலம் தின்றது. மாடு நடந்த வரப்பில் இப்போது கோழிதான் நடக்கலாம். கேட்டால், "ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்குது, நான் என்ன பண்ண?" என்பார். அவர் வயலைச் சுற்றிச் சுற்றி உழுகிறவர். நாலு வரப்பும் அவருக்கு இடப்பக்கம்தான் வரும். ஆனால் எதிர்ப்பக்கம் போலீஸ் ஏட்டையா நிலத்து வரப்பு நூல் பிடித்தாற்போல அப்படியே இருந்தது.

அம்மாவே போய் மெக்கானிக் லூர்துவைக் கூட்டி வந்தாள். அவர் ஸ்டியரிங் பாக்ஸைத் திறந்து, தேய்ந்த புஷ் வளையத்தை மாற்றி, ஆட்டம் இல்லாமல் இறுக்கினார். "ஓட்டிப் பாருங்கண்ணே" என்று மட்கார்டில் ஏறிக்கொண்டார். டிராக்டர் மூன்று வரப்பையும் ஒட்டி நேராகப் போனது. எங்கள் வரப்புக்கு வந்ததும் இடப்பக்கம் சாய்ந்தது.

"பாத்தியா, இன்னும் இழுக்குது" என்றார் பெரியப்பா.

"ரெண்டு கையையும் எடுங்கண்ணே. அது எங்க போகுதுன்னு பாப்போம்" என்றார் லூர்து.

அம்மா வரப்பில் ஏறி டிராக்டருக்கு எதிரே நின்றாள். அங்கே அவளுக்கு ஒரு காலைத்தான் ஊன்ற முடிந்தது.

பெரியப்பா கையை எடுக்கவில்லை.