நம்ப முடியாத மருமகள்

“இந்த வியட்நாம் பொண்ணை எடுத்துடுங்கம்மா” என்றார் வார இதழ் ஆசிரியர் ரஃபாயேல்.

தாமரைச்செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுடைய சரித்திரக் காதல் தொடரை அவர் மாற்றச் சொல்வது இது மூன்றாவது முறை.

“சார், அவதான் கதாநாயகி! நூறு வருஷத்துக்கு முந்தி சைகோனுக்கு வேலைக்குப் போன புதுச்சேரிப் பையன் அவளைக் கட்டிக்கிட்டு வர்றான். அவளை எடுத்துட்டா அப்புறம் கதை எங்க இருக்கு?”

“இங்க நம்ம புதுச்சேரி குருசுக்குப்பத்துப் பொண்ணா மாத்துங்க. இந்த வியட்நாம்காரி ஏதோ பலகாரம் செஞ்சு போடுறாளாம், மாமியார் ருசிச்சுச் சாப்பிடுறாளாம். நம்ம ஜனங்க அந்நியச் சாப்பாட்டைக் கையால தொடுவாங்களா? எவன் நம்புவான்?”

சொன்னதோடு நிற்காமல் அந்தப் பத்தியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார்.

“கோவிச்சுக்காம சாயோ சாப்பிடுங்க. நேத்து என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். எங்க பரம்பரைப் பலகாரம், இது இல்லாம வீட்ல விசேஷமே கெடையாது.”

“எப்படி சார் செய்யறது?”

“அப்பளம் மாதிரி மெல்லிசா இருக்கிற அரிசித் தாளை நனைச்சு, உள்ள கொத்துக்கறியும் கண்ணாடி சேமியாவும் வச்சுச் சுருட்டி, எண்ணெயில பொரிக்கணும்.”

அவர் சொல்லச் சொல்ல, அடிக்கப்பட்ட பத்தியின் மேல் அவள் விரல் நகர்ந்தது. அதே தாள், அதே கறி, அதே சேமியா.

“உங்க வீட்ல இதை மொதல்ல செஞ்சது யாரு சார்?”

“எங்க தாத்தாவோட அம்மா. அவங்க சைகோன்ல பொறந்த வியட்நா...”

ரஃபாயேல் சட்டென்று நிறுத்தினார். பிறகு எரிச்சலோடு, “அவங்க நம்ம ஆளும்மா!” என்றார்.

“அதைத்தான் சார் நானும் எழுதியிருக்கேன்.”