வாயில் நுழையாத நோய்

“ஆஸ்டியோ… ஜெசினிஸ்…”

“ஜெசினிஸ் இல்லீங்க, ஜெனிசிஸ்! எத்தனை தடவை சொல்றது? காதை எங்கே கழட்டி வச்சிருக்கீங்க?”

கையிலிருந்த கடிதத்தை மேஜைமேல் அறைந்தாள் மனைவி. வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தவன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

“உனக்கென்ன, எக்ஸ்ரே ரூம்ல தினம் இதையெல்லாம் கேக்கிறே. எனக்கு நாக்கு சுளுக்குது. அதான் டாக்டர் லெட்டர் குடுத்துட்டாரே, அப்புறம் ஏன் என் உயிரை எடுக்கிறே?”

“போன தடவை விசாரணையில அந்த மேடம் என்ன கேட்டாங்க? ‘பிள்ளைக்கு ஏதோ நோய்ங்கிறீங்க, பேருகூடத் தெரியாத அப்பனா’ன்னு. நாளைக்கும் திருதிருன்னு முழிச்சீங்கன்னா பாப்பா காப்பகத்துலயே வளர வேண்டியதுதான்!”

அவன் கடிதத்தை எடுத்து விரித்தான்.

ஒன்பது மாதக் குழந்தை. எக்ஸ்ரேயில் மூன்று இடத்தில் எலும்பு முறிந்து கூடியிருந்தது. அப்பன் அடித்து உடைத்திருக்கிறான் என்று குழந்தைகள் நலக் குழுவுக்குப் புகார் போக, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதமாகிறது. நாளை முடிவு.

“பிச்சுப் பிச்சுச் சொல்றேன், கேளுங்க. ஆஸ்டியோன்னா எலும்பு. ஜெனிசிஸ்னா உருவாகிறது. இம்பெர்ஃபெக்டான்னா அரைகுறை. பாப்பாவோட எலும்பே அரைகுறையா உருவாகியிருக்கு. சும்மா தூக்கினாக்கூட உடையும்.”

“உள்ளே சரியா ஒட்டாத வெல்டிங் மாதிரி. வெளியே பார்த்தா தெரியாது. கை வச்சா விட்டுடும்.”

“உவமையெல்லாம் அங்கே செல்லாது. பேரைச் சொல்லுங்க!”

“ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா.”

தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது. அவனுக்கே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை சொன்னான். சொல்லச் சொல்ல முகம் சிவந்தது.

“இது எதுவும் தெரியாம எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் பாரு. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்…” குரல் உடைந்தது. “பட்டறையில கூட ஒரு மாதிரியா பார்த்தாங்க. நீ ஒருத்திதான்டி என்னைச் சந்தேகப்படலே.”

“பேசினது போதும், திரும்பச் சொல்லுங்க!” என்று கத்தினாள் அவள்.

மகளின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்றே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெயர் போடாமல் அந்த மொட்டைக் கடுதாசியை எழுதித் தபாலில் சேர்த்தவள் அவள்தான்.