அனுமதிப் பட்டியல்

"நம்ம ஆபீஸ் சர்வர்கள்ல எந்த புரோகிராமும் இனி இஷ்டத்துக்கு இன்னொண்ணோட பேச முடியாது. மூணு மணிக்கு எல்லா வழியையும் அடைக்கிறோம். உங்க முகவரி சரிபார்க்கிற புரோகிராமுக்கு யாரை அனுமதிக்கணும்? பட்டியலே வரலையே மேடம்" என்றார் நெட்வொர்க் பாதுகாப்பு அதிகாரி.

"அதுகிட்ட செகண்டுக்கு ஒரு தடவை யாரோ கேட்டுக்கிட்டே இருக்காங்க. யார்னு தேட எனக்கு எங்க சார் நேரம்?"

ஆறு வருடமாக அந்தப் புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் அவள். மகளின் பள்ளி விழாவுக்குக்கூட மடியில் லேப்டாப்போடுதான் போவாள். அது ஒருநாளும் நின்றதில்லை.

"அப்ப மூடிடறேன். தேவைப்படறவங்க கத்துவாங்க."

"கத்துவாங்க. அப்ப என்கிட்ட வராதீங்க."

மூன்று மணிக்கு அவர் மூடினார். டீ குடிக்கக்கூட எழாமல் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு போன் அடித்தது. அதிகாரியின் திரையில் சிவப்பாக ஒரு புகார்: 'முகவரி சரிபார்ப்பு பதில் தரவில்லை.'

"சொன்னேன்ல! யாரு, டெலிவரி டீமா?"

"பாத்துச் சொல்றேன்."

ஆறு மணிக்குத் தயங்கியபடி வந்தார்.

"வந்தது அந்த ஒரு புகார்தான் மேடம். செகண்டுக்கு ஒரு தடவை கேட்டதும் அதை அனுப்பின ஆள்தான். வேற யாருமே கேக்கல."

"யாரு சார் அது?"

"உங்க புரோகிராம் உயிரோட இருக்கான்னு பார்க்க, ஆறு வருஷம் முன்னாடி நீங்களே எழுதி வெச்ச புரோகிராம்."

அவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"அதுக்கு மட்டும் வழி திறந்துவிடட்டுமா?"

"வேண்டாம் சார். பாவம், அதுவும் ஆறு வருஷமா தூங்கல."