அமைச்சர் சேர்த்த புத்தகங்கள்

"அம்மா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் வராம இருந்திருக்கக் கூடாதா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

போ-ஹான் கெஞ்சியது யென் அம்மாள் காதில் ஏறவே இல்லை. குடையை மடக்கி வாசலில் உதறிவிட்டு, வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"மூணாவது அலமாரி, மேல் தட்டு தம்பி. நேத்து அதுக்கு முன்னால நிறுத்தினோம்."

நிறுத்தினோமாம்! போ-ஹானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணியில் ஏறி இறங்குவது அவன். முட்டி கழன்றுபோவதும் அவனுக்குத்தான்.

காவல் துறையில் சாதாரண அதிகாரியாகச் சேர்ந்து அமைச்சர் வரை உயர்ந்தவர் ஹோ. அவர் காலமான பிறகு, கீலுங் துறைமுகத்தைப் பார்த்த அவர் வீட்டு நூலகத்தை அப்படியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பொறுப்பாளன் போ-ஹான். ஊரில் பெய்யும் மழையில் பாதி கூரை வழியாக உள்ளே வந்தது. பூசணத்தோடு மல்லுக்கட்டியே அவன் தலையில் பாதி முடி போய்விட்டது.

இன்று பிற்பகல் நகராட்சிக் குழு வருகிறது. பாதுகாக்க வேண்டிய சொத்து என்று குழு சொல்லிவிட்டால் புதுக் கூரை வரும், அவன் வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். இந்த நேரத்தில் இந்த அம்மாள்!

படிக்க வருகிறவர் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். எப்போதாவது வருகிற ஒன்றிரண்டு பேரும் வாசலில் உள்ள அமைச்சரின் சிலைக்குத் தலை வணங்கிவிட்டு வருவார்கள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புத்தகத்தை வாங்குவார், முதல் பக்கத்தைத் திறப்பார், கீழ் மூலையில் புத்தகத்துக்கு உரியவர் குத்தி வைக்கும் சிவப்பு முத்திரைகளைப் பார்ப்பார், மூடுவார். அடுத்தது!

"ஒரு வரியாவது படிங்களேன்மா. எனக்காகவாவது!"

"படிக்கிறதுக்கு வரலை தம்பி."

"பின்ன எதுக்குத்தான் வர்றீங்க? என் உயிரை வாங்கவா?"

"பார்க்க வர்றேன். நீ அடுத்ததை எடு."

பொது நூலகம். வெளியே போங்கள் என்று சொல்ல முடியாது. மதியம் விளக்கை அணைத்துவிட்டு மேசையில் தலை சாய்க்கிற நேரத்திலும் விடவில்லை, "அந்த நீல அட்டை போட்டது" என்று எழுப்பினார். வாங்கி வைத்திருந்த பன்றிக்கறிச் சோறு ஆறி விறைத்துப்போய்க் கிடந்தது. அழலாமா என்று இருந்தது போ-ஹானுக்கு.

குழு வந்தது. தலைவர் சுங், அன்னாசி கேக்கைத் தொடவில்லை. தேநீரையும் தொடவில்லை. அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரிப்பா. ஆனா ஒரு ஈ, காக்கா கூட இல்லையே. யாரும் வராத இடத்துக்கு எதுக்குக் கூரைன்னு நாளைக்குச் சபையில கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

போ-ஹான் திரும்பினான். கூடம் முழுக்கக் காலி நாற்காலிகள். நடுவில் ஒரே ஒரு ஆள், யென் அம்மாள்.

சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் தலைவலி, இன்று தெய்வமாகத் தெரிந்தது.

"யாரும் வரலைன்னா சொல்றீங்க? இந்த அம்மாவைப் பாருங்க! மழையோ புயலோ, ஒருநாள் தவறினதில்லை. அமைச்சரோட கை பட்ட முத்திரையைப் பார்க்கிறதுக்குன்னே வர்றாங்க. பக்தின்னா இது பக்திங்க ஐயா!"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையருகே குனிந்தார். திறந்திருந்த பக்கத்தின் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முத்திரைகள்.

"எதுக்கு ரெண்டு?"

"மேல இருக்கிறது அமைச்சரோட பேருங்க. கீழ இருக்கிறது அவரோட படிப்பறைக்கு அவரே வச்சுக்கிட்ட பேரு. பழைய காலத்து எழுத்து, இப்ப யாருக்கும் படிக்க வராது. பெரிய மனுஷங்க இப்படி ரெண்டு மூணு வச்சுக்கிறது வழக்கம்தானே?"

"மேல இருக்கிறது பளிச்சுன்னு இருக்கு. கீழ இருக்கிறது மங்கிப் போயிருக்கே?"

"மை வேற மைங்க ஐயா" என்றான் போ-ஹான், சற்றும் தயங்காமல்.

தலைவர் நெகிழ்ந்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு யென் அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"சந்தோஷம் அம்மா. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்தக் கூரையை நானே நின்னு போட்டுத் தருவேன். அமைச்சர் மேல அவ்வளவு பிரியமா உங்களுக்கு?"

யென் அம்மாள் நூலகத்தில் கொடுத்த வெள்ளைக் கையுறை போட்ட விரலால் அந்த மங்கிய முத்திரையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இது அமைச்சரோடது இல்லீங்க. எங்கப்பாவோட முத்திரை."

போ-ஹானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடவில்லை. இதுவும் நல்லதற்குத்தான் என்று அவசரமாகக் கணக்குப் போட்டு, தலைவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"அடடே, சொல்லவே இல்லையேம்மா! அப்போ உங்கப்பா அமைச்சருக்கு நெருங்கின சிநேகிதரா? இவ்வளவும் அவர் அன்பளிப்பாக் கொடுத்ததா?"

"எங்கப்பாவைக் கைது பண்ணின அன்னிக்கு, அவரோட சேர்த்து இந்தப் புத்தகங்களையும் உங்க அமைச்சர்தான் தம்பி வண்டியில ஏத்தினாரு."