காரணத்தை எழுதித் தாங்க

“ஒரு ரீச்சரே இப்பிடிப் பொய் சொன்னா, உங்களிட்டப் படிக்கிற புள்ளைகள் எப்பிடி உருப்படும்?”

காப்புறுதி அலுவலகத்தின் இழப்பீட்டு அதிகாரி அழகரத்தினம் படிவத்தை மேசைமேல் எறிந்தார். அது வழுக்கிப்போய் பீற்றிஸ் ரீச்சரின் மடியில் விழுந்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பீற்றிஸ் படிவத்தை எடுத்து, மடங்கிய மூலையை நீவி, மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

“நான் என்ன பொய் சொன்னன்?”

“வீட்டுச் சாமானுக்குக் காப்புறுதி எடுத்திரிக்கீங்க. தவறுதலா உடைஞ்சா நாங்க தருவம். நீங்க என்ன எழுதியிரிக்கீங்க? மேசையத் துடைக்கக்குள்ள ரீ.வி.யும் வீடியோ டெக்கும் தவறி விழுந்திட்டு எண்டு.”

“ஓம். விழுந்ததுதானே.”

“விழல்ல. உடைச்சது.” அழகரத்தினத்தின் குரல் ஏறியது. “போன கிழமை கல்லடிக்கு உங்கட வீட்டுக்கு வந்து பாத்தன்தானே. ரீ.வி.ட பின்பக்கம் பூட்ஸ் அடையாளம் இரிக்கி. டெக்க துவக்குப் புடியால இடிச்சிரிக்காங்க. எனக்கு இருவத்திரெண்டு வருச சேவிஸ் ரீச்சர். மேசையால விழுந்ததையும் மனிசன் அடிச்சதையும் எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா சரி.”

“பக்கத்து வீட்டு இளையதம்பியும் சொல்லிட்டார். மார்ச் பன்னெண்டு, காலம்பற ஆறு மணி. ஜீப்பில ஆறு பேர். வீட்டத் தேடிப்போட்டு, போகக்குள்ள உடைச்சிட்டுப் போனவங்க. இது தவறுதலா?”

அது தொண்ணூற்றோராம் ஆண்டு. யுத்தம், கலவரம், படை நடவடிக்கை எதற்கும் இழப்பீடு இல்லையென்று காப்புறுதிப் பொலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. வீடே எரிந்து வந்தவர்களுக்கும் அழகரத்தினம் அதைத்தான் வாசித்துக் காட்டினார். அவர்கள் அழுதார்கள், ஏசினார்கள், போனார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு ரீச்சர் பொய் சொல்லிக் காசு எடுக்க வந்து நிற்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அப்ப காசு தரமாட்டீங்க.”

“ஒரு சதமும் தரேலா.”

“சரி. ஏன் தரேலா எண்டத எழுதித் தாங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “அதான் வாயால சொல்லிட்டனே.”

“வாயால சொன்னது எனக்கு வேணாம்.”

அழகரத்தினம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “இதையெல்லாம் கடுதாசியில போடேலா ரீச்சர். நிபந்தனைக்கு உட்படாது எண்டு ஒரு வரி அடிச்சித் தாறன். கொண்டு போங்க.”

“எந்த நிபந்தனை? என்ன தேதி? வந்தது யார்? உடைச்சது யார்?” பீற்றிஸ் குரலைத் தாழ்த்தவில்லை. “இவ்வளவு பேருக்கு முன்னால என்னைப் பொய்க்காரி எண்டு கத்த ஏலும். அதையே எழுதச் சொன்னா பயமா?”

“பயம்தான். எனக்கும் குடும்பம் இரிக்கி.”

“நீங்க எழுதித் தராட்டி நான் கொழும்புக்கு எழுதுவன். காசு எடுத்துத் தர நீங்க பங்கு கேட்டதெண்டு.”

அழகரத்தினம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “நான் கேட்டனா?”

“கேக்கல்ல. எண்டாலும் எழுதுவன்.”

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காத மனிதர் அவர்.

“நீயெல்லாம் ஒரு ரீச்சர்” என்றார். பிறகு தட்டச்சுப் பொறியைத் தன் பக்கம் இழுத்தார்.

“இங்கிலீசில அடிங்க.”

“எனக்குச் சொல்லித் தர வேணாம்.”

“ஜீப்பில வந்ததப் போடுங்க. ஆறு பேர் எண்டதையும்.”

“எல்லாத்தையும் போடுறன். இனி எந்தக் கந்தோருக்கும் போய் நீ இந்தப் பொய்யச் சொல்லேலாதபடி போடுறன்.”

ஒவ்வோர் எழுத்தையும் அவர் குத்திக் குத்தி அடித்தார். மார்ச் பன்னிரண்டு காலை ஆறு மணியளவில் ஜீப் வண்டியில் வந்த படையினர் ஆறு பேர் மேற்படி வீட்டினுள் நுழைந்து தேடுதல் நடத்தியதும், பொருட்களை அவர்களே உடைத்ததும் எமது நேரடி விசாரணையில் உறுதியாகியுள்ளன, ஆகவே இது விபத்தல்ல, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கையெழுத்து வைத்தார். அலுவலக முத்திரையை எடுத்து மேசை அதிரக் குத்தினார்.

“இந்தா. இதக் கொண்டு எந்தக் கோட்டுக்குப் போனாலும் ஒரு சதம் கிடையா.”

பீற்றிஸ் எழும்பி நின்று கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். தேதியைப் பார்த்தாள். முத்திரையின் மை காயும்வரை ஊதினாள். முகத்தில் இருந்த கோபம் அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது.

“காசு வேணாம் சேர். அண்டைக்கு எங்கட ஒழுங்கைப் பக்கமே தாங்கள் வரல்ல எண்டு ஆமி முகாமில எழுத்தில தந்திரிக்காங்க. ஒண்டும் காணல்ல எண்டு அவங்கட விசாரணையில சொன்ன இளையதம்பி அண்ணன், ரீ.வி. கதைதானே எண்டு உங்களிட்ட மட்டும்தான் வாய் திறந்திரிக்கார். அந்த ஜீப்பில ஏத்திக்கொண்டு போன எண்ட மகனை எங்க எண்டு கேக்கிறதுக்கு, அவங்க வந்தாங்க எண்டு முத்திரை குத்தின கடுதாசி இது ஒண்டுதான் எனக்கிட்ட இரிக்கி.”